வீட்டு மனைக்கு வேலி: எல்லை அளப்பது முதல் கடைசித் தவணை வரை

வேலி போடுகிறவரைக் கூப்பிட்டதும் எல்லாரும் முதலில் கேட்பது "அடி என்ன ரேட்டு?" என்பதுதான். அவரும் உடனே ஒரு தொகை சொல்லிவிடுவார். இன்னொருவரைக் கேட்டால் பத்து இருபது ரூபாய் குறைத்துச் சொல்வார். குறைத்துச் சொன்னவருக்கே வேலை கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தொகைக்கு எந்தத் தடிமன் கம்பி வரும், எத்தனை அடிக்கு ஒரு கால் நிற்கும், குழி எவ்வளவு ஆழம், குழியில் கான்கிரீட்டா வெறும் மண்ணா என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இவை தெரியாமல் இரண்டு ரேட்டை ஒப்பிட வழியே இல்லை. வேலியின் ஆயுளை முடிவு செய்வது குழி தோண்டும் நாள் அல்ல. அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மாதங்களில் நீங்கள் அளப்பதும், கேட்பதும், எழுதி வாங்குவதும்தான்.

தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு கிரவுண்டு வீட்டு மனையோ, வீடு கட்டிய இடமோ வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தோட்டத்து வேலிக்கும் பாதி விஷயங்கள் பொருந்தும்.

முதல் வேலை: எல்லைக் கோடு

கிரயப் பத்திரம், பட்டா, புல வரைபடம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புல வரைபடத்தை எஃப்எம்பி என்றால்தான் பலருக்கும் தெரியும். பட்டாவும் எஃப்எம்பியும் அரசின் இணையச் சேவைப் பக்கத்திலேயே கிடைக்கும். பத்திரத்தில் நான்கு மாலும் (நான்கு பக்க எல்லைகளும்) ஒவ்வொரு பக்கத்தின் அடிக்கணக்கும் இருக்கும். அந்தக் கணக்கும் எஃப்எம்பி அளவும் ஒத்துப்போகின்றனவா என்று உட்கார்ந்து பாருங்கள். எஃப்எம்பியில் அளவு மீட்டரில் இருக்கும். பழைய வரைபடம் என்றால் லிங்க்ஸில் இருக்கலாம். ஒரு லிங்க் என்பது 0.66 அடி, நூறு லிங்க் சேர்ந்தால் 66 அடி, அதாவது ஒரு செயின்.

அரசின் நகரமைப்பு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி பெற்ற மனைப்பிரிவு என்றால் லேஅவுட் வரைபடமும் கையில் வேண்டும். மனை விற்றபோது நட்ட சின்னக் கற்களை அப்படியே நம்பக் கூடாது. பக்கத்து மனையில் ஜேசிபி ஓடும்போது அவை இடம் மாறியிருக்கும், சில சமயம் காணாமலே போயிருக்கும். முனை மனையாக இருந்தால் இரண்டு ரோடும் சேரும் மூலையில் சாய்வாக வெட்டி விட வேண்டிய இடம் வரைபடத்தில் குறித்திருக்கும். அதைச் சேர்த்து வளைத்து வேலி போட்டால் பிறகு பிடுங்க வேண்டி வரும். கூட்டுப் பட்டாவில் இருக்கும் இடம் என்றால் முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். வேலி அப்புறம்தான்.

அடுத்தது அளவை. இ-சேவை மையம் மூலமோ தமிழ்நிலம் இணையதளத்திலோ விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் அரசு நில அளவர் வந்து எல்லை காட்டிக் கொடுப்பார். தனியார் சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு வந்து சீக்கிரமே குறித்துத் தருவார். எல்லையில் எந்தச் சிக்கலும் இல்லாத இடத்தில் அது போதும். பக்கத்துக்காரர் அரை அடிக்கு முறைப்பு காட்டுகிறார் என்றால் அரசு அளவைதான் வேண்டும். பிறகு வழக்கு என்று போனாலும் அந்தக் காகிதம்தான் பேசும்.

அளக்கும் அன்று பக்கத்து மனைக்காரர்களைக் கண்டிப்பாக வரச் சொல்லுங்கள். "அண்ணே, நாளைக்கு சர்வேயர் வர்றாரு, நீங்களும் கூட நில்லுங்க" என்று நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். கல் நட்டதும் நான்கு மூலையையும் போட்டோ எடுங்கள். இருவருக்கும் பொதுவாக வேலி போட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் யார் எவ்வளவு கொடுத்தார்கள், வேலி யார் பக்கத்தில் நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்று நட்பாக இருக்கும் இரண்டு குடும்பத்திலும் நாளைக்குப் பாகம் பிரியும், மனை கை மாறும். அப்போது அந்தத் தாள் உதவும்.

அரசு நட்ட நில அளவைக் கல் குழிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஆட்கள் பிடுங்கிப் போட விடாதீர்கள். 1923-ம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அந்தக் கல்லை எடுப்பதும் சேதப்படுத்துவதும் குற்றம். கல்லை அப்படியே விட்டு, அதை ஒட்டி உள்பக்கமாகக் காலை நடுங்கள்.

வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை எதுவும் மனை ஓரமாகப் போகிறதா என்றும் பாருங்கள். புறம்போக்கை வளைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே ஒருவர் 20 ஆண்டுகளாகத் தடையில்லாமல், உரிமையாகப் பாதை நடந்து வந்திருந்தால், 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அவர் அந்தப் பாதையைக் கேட்கலாம். இப்படி ஏதாவது இருந்தால் வேலிக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. காலி மனையை வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் விடுவது ஆபத்து. உரிமையாளருக்கு எதிராக இன்னொருவர் வெளிப்படையாகத் தொடர்ந்து அனுபவித்து வந்தால், இடத்தை மீட்க வழக்குப் போட 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 12 ஆண்டுகள்தான். அதனால் அடுத்த பத்து வருடத்துக்கு வீடு கட்டும் எண்ணம் இல்லை என்றாலும் எளிமையான ஒரு கம்பிவேலியாவது போட்டு வையுங்கள்.

எந்த வேலி?

காலி மனைக்கும், நாளைக்கு மதில் கட்டப் போகும் இடத்துக்கும் செயின் லிங்க் வலை போதும். காற்று போகும், பார்வை மறைக்காது, பிறகு கழற்றி விற்கவும் செய்யலாம். குடியிருக்கும் வீட்டுக்கு மறைப்பு வேண்டும் என்றால் ரெடிமேட் காம்பவுண்ட் அல்லது கட்டுச் சுவர். நாய், பன்றி நுழைவதுதான் தொல்லை என்றால் கீழே ஒரு அடி உயரத்துக்கு ஹாலோபிளாக் கட்டி அதற்கு மேல் வலை இழுப்பது நல்ல வழி. செலவு கொஞ்சம் கூடும், ஆனால் வலையின் அடிக்கம்பி ஈர மண்ணில் கிடந்து துருப்பிடிப்பதும் நிற்கும்.

மண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ரெடிமேட் காம்பவுண்டில் காலின் காடியில் பலகைகள் செருகி நிற்கின்றன. கரிசலில் கால் கொஞ்சம் சாய்ந்தாலும் பலகை காடியை விட்டு நழுவிவிடும். அங்கே குழியை மூன்று அடியாவது இறக்கச் சொல்லுங்கள், அல்லது வலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டுச் சுவரே வேண்டும் என்றால் கீழே பெல்ட் கான்கிரீட் ஓடாமல் கரிசலில் கட்டவே கூடாது.

கட்டுச் சுவரில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் அஸ்திவாரம். சுவர் எல்லைக் கோட்டுக்குச் சரியாக நிற்கும், ஆனால் அதைவிட அகலமான அடித்தளம் மண்ணுக்குள் பக்கத்து மனையில் முக்கால் அடி நீட்டிக்கொண்டிருக்கும். அவர் வீடு கட்டத் தோண்டும் அன்றைக்கு அது தெரியவரும், தகராறும் அன்றைக்கே வரும். அடித்தளம் முழுவதும் உங்கள் எல்லைக்குள் அடங்கும்படி கோட்டை உள்ளே தள்ளுங்கள், இல்லையென்றால் ஓர அஸ்திவாரத்துக்கு இன்ஜினியரிடம் வரைபடம் வாங்குங்கள். சுவர் கட்ட அனுமதி வேண்டுமா, எவ்வளவு உயரம் வரை என்பதைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று சாதாரண ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையைச் சீக்கிரம் தின்றுவிடும். பிவிசி உறை போட்ட வலையும் சிமென்ட் காலும் அங்கே ஏற்றவை.

காலுக்கு நான்கு வழி இருக்கிறது: கல்லுக்கால், சிமென்ட் போஸ்ட், இரும்பு ஆங்கிள், ஜிஐ பைப். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கல்லுக்கால் எளிதாகக் கிடைக்கும். துருவும் இல்லை, கரையானும் இல்லை. ஆனால் கல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் இறக்கும்போதே உடையும், உடைந்தது யார் கணக்கு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆங்கிள் போட்டால் அது தரையோடு சேரும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். கான்கிரீட்டைத் தரைமட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலம் தூக்கி, தண்ணீர் நிற்காமல் ஓடும்படி சரிவாகப் பூசச் சொல்லுங்கள். இதற்குத் தனிச் செலவு கிடையாது, கேட்டால்தான் செய்வார்கள்.

கொங்குப் பக்கம் இன்னும் கிளுவை வேலி வைப்பவர்கள் இருக்கிறார்கள். போத்து (நடுவதற்கான கிளை) வெட்டி மழைக்கு முன் நெருக்கமாக நட்டால் சில வருடங்களில் உயிர்வேலியாகிவிடும். இடம் தாராளமாக இருந்து, கவாத்து செய்யப் பொறுமையும் இருந்தால் அதைவிட அழகான வேலி இல்லை என்பேன். நாற்பதுக்கு அறுபது மனையில் மட்டும் அது இடத்தைத் தின்னும்.

கம்பியின் கணக்கு

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் சுமார் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03. பார்வைக்கு 10-க்கும் 12-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இரும்பின் எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 12 கேஜ் வலையில் 10 கேஜைவிட மூன்றில் ஒரு பங்கு இரும்பு குறைவு. 14 கேஜுக்குப் போனால் பாதிக்கும் கீழே. வலையின் கண்ணியை, அதாவது கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, இரண்டு அங்குலத்திலிருந்து மூன்று அங்குலமாக்கினால் அதில் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அடிக்கு இவ்வளவு என்று குறைத்துச் சொன்னவர் எதைக் குறைத்தார் என்பது இப்போது புரியும்.

குடியிருப்பு மனைக்கு 10 கேஜ், இரண்டு அங்குலக் கண்ணி என்று வையுங்கள். பட்ஜெட் இடித்தால் 12 கேஜ் வரை இறங்கலாம். 14 கேஜை நான் சொல்ல மாட்டேன், ஒரு மாடு சாய்ந்தால் வளைந்துவிடும். வலை வந்து இறங்கியதும் ஒரு வெர்னியர் காலிப்பரால் கம்பியை அளந்து பாருங்கள். பிவிசி உறை இருந்தால் வெளி அளவு ஏமாற்றும், ஒரு முனையில் உறையைச் சீவிவிட்டு உள்கம்பியை அளக்க வேண்டும். செயின் லிங்க் வலைக்கு ஐஎஸ் 2721 என்ற இந்தியத் தர எண்ணும், முள்கம்பிக்கு ஐஎஸ் 278-ம் உண்டு. பில்லில் கேஜ், கண்ணி, எடை மூன்றும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீங்களே ஒரு எஸ்டிமேட் போடுங்கள்

காண்ட்ராக்டர் வருவதற்கு முன் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். 40-க்கு 60 அடி மனை, 2400 சதுரடி, ஒரு கிரவுண்டு. சுற்றளவு 200 அடி. முன்பக்கம் ஒரு மூலையில் கார் போக 12 அடி கேட். மீதி 188 அடிக்கு வலை. ஐந்தடி உயர வலை என்றால் 940 சதுரடி.

கால் இடைவெளி எட்டு அடிக்கு மேல் போக வேண்டாம். பின்பக்கம் 40 அடியில் ஐந்து இடைவெளி. 60 அடிப் பக்கங்களில் ஏழரை அடிக்கு ஒன்றாக எட்டு எட்டு. முன்பக்கம் மிச்சமுள்ள 28 அடியில் ஏழு அடிக்கு ஒன்றாக நான்கு. மொத்தம் 25 இடைவெளி, கேட் ஓரத்து இரண்டையும் சேர்த்து 26 கால். சரி, இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. வலையை இழுத்துக் கட்டும்போது மூலைக்கால்கள் உள்ளே சாயாமல் இருக்க முட்டுக்கால் வேண்டும். மூன்று மூலைக்கு இரண்டிரண்டாக ஆறு, கேட் ஓரம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மொத்தம் எட்டு. ஆக 34 கால், 34 குழி. எஸ்டிமேட்டில் 26 என்று மட்டும் இருந்தால் முட்டுக்கால் எங்கே என்று கேளுங்கள். பாதி வேலையில் "இது எக்ஸ்ட்ரா சார்" என்று வருவது பெரும்பாலும் இதுதான்.

எட்டடிக் கால், இரண்டடி மண்ணுக்குள், ஆறடி வெளியே. அதில் ஐந்தடி வலை, மேலே ஒரு அடிக்கு இரண்டு மூன்று வரி முள்கம்பி. பிள்ளைகள் ஓடியாடும் தெருவில் முள்கம்பி இல்லாமலே விடுவது நல்லது. குழி ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டடி ஆழம். 1:3:6 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) 34 குழிக்கும் சேர்த்து சுமார் ஏழெட்டு மூட்டை சிமென்ட் போக வேண்டும். மூன்று மூட்டையோடு வேலை முடிந்தது என்றால் மேலே மட்டும் கான்கிரீட் போட்டு உள்ளே மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேட் உள்பக்கமாகத் திறக்க வேண்டும், ரோட்டுப் பக்கம் அல்ல. ஸ்லைடிங் என்றால் கேட்டின் நீளத்துக்கே பக்கவாட்டில் இடம் வேண்டும். கேட் தொங்கும் கால் சாதாரணக் கால் அல்ல; அதற்குப் பெரிய குழியும் கனமான கம்பமும் தனியாக எழுதுங்கள்.

காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பது

மூன்று பேரிடமாவது கேளுங்கள், மூன்று பேருக்கும் மேலே போட்ட அதே கணக்கைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். அப்போதுதான் வரும் தொகைகளை ஒப்பிட முடியும். இடத்தை வந்து பார்க்காமல் போனிலேயே மொத்தத் தொகை சொல்பவரை விட்டுவிடலாம்.

போன மாதம் போட்ட வேலியைக் காட்டினால் அது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மூன்று நான்கு மழை கண்ட வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போய் மூலைக்காலைக் கையால் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. ஒரு ஓரத்தில் நின்று வலையின் மேல்விளிம்பை நீளவாக்கில் பாருங்கள், தொய்வு தெரிந்துவிடும். கம்பி வளையும் இடங்களில் துரு பூத்திருக்கிறதா பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் "சொன்ன தேதியில் முடித்தாரா, நடுவில் பணம் கூட்டிக் கேட்டாரா" என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

வேலைக்குச் சொந்த ஆட்கள் வருகிறார்களா, வேறு மேஸ்திரியிடம் கை மாற்றி விடுவாரா என்பதும் முக்கியம். கை மாறினால் நீங்கள் பேசியது எதுவும் குழி தோண்டுபவருக்குத் தெரியாது. லேபர் காண்ட்ராக்ட் மட்டும் கொடுத்துப் பொருளை நீங்களே வாங்கினால் தரம் உங்கள் கையில் இருக்கும், அலைச்சலும் உங்களுடையது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு அது லாபம். வெளியூரில் இருந்தால் மெட்டீரியலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரைப் பொருள் இறங்கும் நாளில் நிற்க வையுங்கள்.

எழுதி வாங்க வேண்டியவை

முத்திரைத்தாள்கூட அவசியமில்லை. காண்ட்ராக்டரின் லெட்டர்பேடில் இருவர் கையெழுத்தோடு ஒரு பக்கம் இருந்தாலே நல்ல பிடி.

- வலையின் கேஜ், கண்ணி, உயரம். காலின் வகை, நீளம், எண்ணிக்கை, முட்டுக்கால் தனியாக
- குழி அளவு, கலவை விகிதம்
- புதர் வெட்டுதல், ஜேசிபி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, தண்ணீர் யார் பொறுப்பு
- ஜிஎஸ்டி உட்பட்ட தொகையா, தனியா
- பாறை வந்தால் என்ன ரேட்டு
- முடிக்கும் தேதி, தவணை விவரம்

பாறையைப் பற்றி எழுதாமல் விட்டால் அதுவே பெரிய செலவாகும், குறிப்பாக சேலம், நாமக்கல் மாதிரி இடங்களில். தவணையைப் பொருளோடும் வேலையோடும் கட்டுங்கள், தேதியோடு அல்ல. முன்பணம் கால் பங்கு. பொருள் இறங்கி, எண்ணி, கேஜ் பார்த்த பிறகு ஒரு பங்கு. கால்கள் நட்டு முடிந்ததும் ஒரு பங்கு. வலையும் கேட்டும் முடிந்ததும் மீதி, அதில் பத்து சதவீதத்தை ஒரு மாதம் கையில் வைத்திருப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல காண்ட்ராக்டர் இதற்கு மறுப்பு சொல்வதில்லை.

வேலை நடக்கும் நாட்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்க வேண்டாம். குழியில் தண்ணீர் நிற்கும், கலவை கெடும். தை, மாசியில் மண்ணில் ஈரம் இருக்கும், தோண்டுவதும் சுலபம்.

முதல் நாள் நூல் கட்டும்போது நீங்கள் இருக்க வேண்டும். மூலையில் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, இரண்டுக்கும் நடுவே குறுக்கே சரியாக ஐந்தடி வந்தால் அது செங்கோணம். 40-க்கு 60 மனை சதுரமூலையாக இருந்தால் இரண்டு குறுக்களவும் 72 அடி 1 அங்குலத்தை ஒட்டி வரும். வரவில்லை என்றால் மனையே கோணலாக இருக்கலாம், அப்போது எல்லைக்கல்லைத்தான் பின்பற்ற வேண்டும், மூலைமட்டத்தை அல்ல.

மூலைக்கால்களை முதலில் நட்டு, அவற்றுக்கு இடையே மேலும் கீழும் நூல் இழுத்து, அந்த நூலைத் தொட்டும் தொடாமலும் நடுக்கால்கள் வர வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் பத்துக் குழியையாவது டேப்பால் அளந்து, டேப் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். மறுநாளே வலை கட்ட ஆட்கள் வந்து நிற்பார்கள், அடுத்த சைட்டுக்குப் போகும் அவசரம் அவர்களுக்கு. விடாதீர்கள். பச்சைக் கான்கிரீட்டில் வலையை இழுத்தால் கால் உள்ளுக்குச் சாய்ந்து, பிறகு நிமிராது.

வலை இழுக்கும்போது கண்ணியைக் கவனியுங்கள். கண்ணி சதுரமாக நிற்க வேண்டும். அளவுக்கு மீறி இழுத்தால் கண்ணி நீளவாக்கில் நசுங்கி, ஐந்தடி வலை நாலேமுக்கால் அடியாகிவிடும். அதே பண்டலில் கூடுதல் நீளம் ஓட்டிவிடலாம் என்பதால் சிலர் தெரிந்தே இழுப்பார்கள். கட்டி முடித்த இடத்தில் டேப் வைத்து உயரம் பார்த்தால் தெரியும். மேலே, நடுவே, கீழே என மூன்று வரி இழுகம்பி ஓடி, வலை அந்தக் கம்பியோடு அடிக்கு ஒரு கட்டாவது கட்டப்பட்டிருக்க வேண்டும். மழைத்தண்ணீர் மனையை விட்டு வெளியேறும் பள்ளமான மூலையில் அடிச்சுவர் இருந்தால் அங்கே துளை விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் பெருமழையில் சுவர்தான் வழி விடும்.

முடிந்த அன்று காண்ட்ராக்டரைக் கூட வைத்துக்கொண்டு மூலையிலிருந்து மூலை டேப் பிடித்து அளங்கள். அவர் பில் போடுவது ஓடிய அடிக்கு என்பதால் கேட் இடம் கழிந்திருக்கிறதா பாருங்கள். வெட்டிய முனைகளிலும் வெல்டிங் வைத்த இடங்களிலும் துத்தநாக பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள், துரு அங்கிருந்துதான் தொடங்கும். வலை மேல் கொடி ஏற்ற ஆசை இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுங்கள். இலை அடர்ந்த வலையில் காற்று முழுசாக மோதும், அந்தப் பாரத்தைத் தாங்கும் அளவுக்குக் கால்கள் மண்ணில் இறுகியிருக்கின்றனவா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்த பிறகு முல்லையோ சங்குப்பூவோ நடலாம்.